லைன் என்ற சொல்லுக்குள் குடியிருந்தோம்

கொழிஞ்சாம்பாறைக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டுக்காரம்மாவின் மருமகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தென்னந்தோப்புக்கு ஒரு ஓரத்தில் அவர்கள் வீடு. இன்னொரு ஓரத்தில், முன்பு உரமூட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தைச் சரிசெய்து எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள்.

“ஏனுங்கம்மா, முன்னாடி உங்க ஊடு எங்க இருந்துதுங்க?”

“சின்னக்கானல் பக்கம். எஸ்டேட்டு லைன்ல.”

“லைன்னா எப்படீங்க?”

“வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கும். எல்லாருக்கும் ஒரே கூரை. என் வீட்டுச் சுவருதான் அடுத்த வீட்டுக்கும் சுவரு.”

“அட, எங்க மாட்டுக்கொட்டாயி மாதிரிங்களா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று அவளுக்கே தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். “மாட்டுக்கொட்டாயிக்கு யாரும் வெள்ளையடிக்க மாட்டாங்க தாயி. எங்களுக்கு ஒரு காலத்துல வருஷா வருஷம் அடிச்சாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெள்ளையடிப்பதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் அவளே வந்தாள். கையில் கொஞ்சம் முருங்கைக்காய். சமாதானத்துக்கு முருங்கைக்காய் மட்டும் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, லைன் என்கிற வார்த்தையைப் பற்றித் தேடிப் படித்ததாகச் சொன்னாள். அது ரொம்பப் பழைய வார்த்தையாம். ஆளிவிதைச் செடி இருக்கிறதே, அதன் நாரில் திரித்த நூலுக்குத்தான் முதலில் அந்த மாதிரிப் பேர் இருந்ததாம். அப்புறம் கயிற்றுக்கு ஆயிற்றாம். கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் அல்லவா, அதனால் நேர்கோட்டுக்கு ஆயிற்று. கோட்டில் நிற்கிற மாதிரி நிற்கிற எல்லாவற்றுக்கும் ஆயிற்று. மனுஷனுக்கு, வீட்டுக்கு, பஸ்ஸுக்கு, கரண்டுக்கு.

“அப்ப முதல்ல நூலுதான்” என்றேன்.

“ஆமாங்கம்மா. நூலுதானுங்க.”

அதை நான் மறுக்கவில்லை. புதுக்காட்டில் தேயிலை நட்டபோது, இரண்டு பேர் இரண்டு பக்கம் கயிறு பிடிக்க, அதன் ஓரமாகத்தான் குழி வெட்டினோம். அந்த வேலைக்கு லைனிங் என்று பேர். கயிறு பிடித்த கை என்னுடையது. காற்றில் கயிறு ஆடினால் கங்காணி கத்துவார். நான் பிடித்த கயிறு ஆடியதில்லை. இன்றைக்கும் அந்த மலையில் நான் கயிறு பிடித்த இடத்துச் செடிகள் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. பைபிளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் எழுத்து பழகினேன். ஆனால் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குள் என் ஆயுசின் பெரும்பகுதி குடியிருந்திருக்கிறேன். அதிலேயே பிறந்தேன். எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனில் இருந்த இன்னொரு லைனுக்குக் கல்யாணமாகிப் போனேன். எங்கள் பெரியவர்கள் வாயில் லைன் நுழையாமல் லயம் ஆகிவிட்டது. மலையாளத்துக்காரர்களும் லயம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வார்த்தை எங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து எங்கள் வார்த்தையாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லும்போது எனக்குக் கோடும் நினைவில் வருவதில்லை, கயிறும் வருவதில்லை. ஒரு சுவர்தான் வரும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி இருந்தாள். நான் மலையை விட்டு இறங்கியபிறகு அவள் சுவரைத் தட்டினால் பதிலுக்குத் தட்ட ஆள் இருக்குமா என்பதுதான் எனக்கு ஒரே கவலையாக இருந்தது.

இது என்ன தட்டுவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

லைனில் விடிவதற்கு முன்பே எழும்ப வேண்டும். பிந்தினால் பேர் கூப்பிடும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள், அன்றைக்கு வேலை கிடையாது. எழுப்பிவிட வாசலில் நின்று சத்தம் போட முடியாது. ஃபாக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து படுத்த ஆம்பிளைகள் இருப்பார்கள், வாய்க்கு வந்தபடி வைவார்கள். அதனால் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்து முதல் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைத்ததும், அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அடுத்த வீட்டுக்காரி எழுந்து, அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிய இந்தப் பக்கம் ஒரு தட்டு, பிறகு அந்தப் பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு. இப்படியே அந்தத் தட்டு ஒவ்வொரு வீடாக நடந்து கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும். பதில் தட்டு வராவிட்டால் நேரே போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அது சட்டம் மாதிரி. சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்தாலும் தட்டாமல் இருக்கக்கூடாது. என் மாமியார் செத்துப்போனதும் அப்படித்தான் தெரிந்தது. நான் பிரசவத்துக்குப் போயிருந்தேன், பதில் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரிதான் கதவைத் திறந்தாள்.

லைனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகும். ஒரே ஒரு குழாய். அடுப்புப் புகை போக வழி இல்லாமல் கண் எல்லாருக்கும் கெட்டது. மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் பவர்ஹவுஸில் எத்தனையோ காலமாகக் கரண்டு எடுக்கிறார்கள், கம்பி எங்கள் தலைக்கு மேலேயே போனது, எங்கள் வீட்டுக்குள் அது வர என் பிள்ளைகள் வளர வேண்டியிருந்தது. அதையும் லைன் என்றுதான் சொன்னார்கள். “லைன் நம்ம லைனுக்கு வர மாட்டேங்குது” என்று சிரிப்பாள் என் சிநேகிதி.

அவள் வாய்க்கு அடங்காதவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை மைனி என்பாள். கொழுந்து எடுக்கும்போது அவள் நிரை எனக்கு அடுத்த நிரை. என் வேகத்துக்கு வர முடியாது, ஆனால் பேச்சில் என்னை முந்திவிடுவாள். ஒருமுறை காய்ச்சல் முற்றி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நர்ஸ் பிள்ளை குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே, “லைன் கிடைக்கலையே அம்மா, லைன் போட்டாத்தான் ஆகும்” என்றது.

“கையிலயும் லைனா? அதுல எத்தன குடும்பத்தக் குடிவைக்கப் போறிய?” என்று கேட்டாள் இவள், அந்தக் காய்ச்சலிலும். நர்ஸுக்குச் சிரிப்பில் ஊசி கை நழுவியது.

பிறகு பிள்ளைகள் படித்தார்கள், படித்ததும் இறங்கினார்கள். திருப்பூர், கோயமுத்தூர், எர்ணாகுளம். ஒரு வீடு காலியாகும், பூட்டுவார்கள். அடுத்த மழைக்கு அதன் கூரைத் தகரம் பறக்கும். காலி வீடு வந்த இடத்தில் தட்டு நின்றுபோகும். முதலில் காலி வீட்டைத் தாண்டி வெளியே நடந்துபோய் அடுத்த கதவைத் தட்டினோம். அப்புறம் அதுவும் விட்டுப்போனது. கடைசியில் எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் என்று நாங்கள் இரண்டு வீடுதான். எங்களுக்கு நடுவே ஒரு காலி வீடு.

ஒருநாள் அவள் தன் பாய், பானை, இயேசு படம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்த நடுவீட்டுக்கு மாறிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அவள் வீட்டைவிட அது மோசமான வீடு, பின்சுவரில் ஈரம் ஏறிக் கிடந்தது.

“ஏட்டி, கிறுக்கா உனக்கு? நல்ல வீட்ட விட்டுட்டு இந்த ஓதத்துக்குள்ள வந்து படுக்கே?”

“நல்ல வீட்ல தட்டுனா யாருக்குக் கேக்குது மைனி? சுவருக்கு அந்தாண்ட எலிதான் கெடக்கு.”

சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, கிழவி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். காலி வீட்டுக்கு யார் சண்டை போடுவார்கள்? நாங்கள் இருவரும் வேலையிலிருந்து நின்று பல காலம் ஆகியிருந்தது. எழும்பவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் விடியும் முன் அவள் இரண்டு தட்டு, நான் ஒரு தட்டு. பிறகு இரண்டு பேரும் திரும்பப் படுத்துக்கொள்வோம்.

என் மருமகள் பேரில்தான் எங்களுக்கு அந்த வீடு இருந்தது. அவள் எஸ்டேட்டில் வேலை செய்கிற வரைக்கும் வீடு, பேரை வெட்டினால் வீட்டை விட வேண்டும். என் மகனுக்குக் கொழிஞ்சாம்பாறையில் அரிசி மில்லில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. மருமகளுக்கும் அங்கேயே ஒரு கடையில் வேலை. பேத்திக்கு வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் மட்டும் இருந்துகொள்கிறேன் என்றேன். “யாரு வீட்ல? ஊர் என்னையக் காறித் துப்பாது?” என்று மகன் கேட்டான். அவன் சொன்னதும் சரிதான். என் முழங்கால் அப்போதே மேடு ஏற மறுத்தது.

அவளையும் கூப்பிட்டேன்.

“என்கூட வந்துரு. ரெண்டு பேரும் ஒரு மூலையில கெடப்போம்.”

“உன் மகன் வீட்ல உனக்கு ஒரு மூலை. அதுல எனக்கு ஒரு மூலையா? மூலைக்கு எத்தன மூலைட்டி இருக்கு?” என்றாள். கோபம் வந்தால் என்னையும் ஏட்டி போட்டுத்தான் பேசுவாள். பிறகு குரலை இறக்கி, “அந்த மனுஷன இங்க பொதச்சிருக்கேன் மைனி. பேசாமப் போ” என்றாள். திருப்பூரில் இருக்கிற அவள் மகனும் கூப்பிட்டிருந்தான், அவனுக்கும் இதே பதில்.

நாங்கள் காலி செய்வதற்கு முன்பே எங்கள் வீட்டை ஜார்க்கண்டிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டிக்கு என்று சொல்லிவிட்டார்கள். சின்னஞ்சிறுசுகள், கையில் ஒரு பச்சைப்பிள்ளை. சாமான்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, நாங்கள் எடுக்கும்வரை காத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். தமிழில் அம்மா, தண்ணி, சோறு மூன்றும் தெரியும். எனக்கு அவர்கள் பாஷையில் அதுவும் தெரியாது.

நான் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அகப்பையைக் கையில் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் சிநேகிதி இரண்டு தட்டு தட்டினாள். உடனே அந்தப் பையன் பயந்துபோய், செல்போனில் பாடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தான். சத்தம் போடாதே என்று தட்டுகிறார்கள் என நினைத்துவிட்டான். காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பு வேறு கேட்டான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினேன். போட்டான். திரும்பத் தட்டினாள். திரும்ப அணைத்தான்.

“என்ன மைனி, படிச்சாங்களா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

“பாட்ட நிறுத்தப் படிச்சிட்டான்.”

பிறகு நான் படுத்துக் காட்டினேன், எழுந்து காட்டினேன், தட்டிக் காட்டினேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சுவரில் ஒரு தட்டு தட்ட வைத்தேன். அந்தப் பக்கமிருந்து, “ஆங், கேட்டுச்சு!” என்று சத்தம் வந்தது. பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பதில் வராவிட்டால் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எனக்குக் காட்டத் தெரியவில்லை. செத்துக் கிடக்கிற மாதிரி படுத்துக் காட்ட நினைத்தேன். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் முதல் நாளே அப்படிக் காட்ட மனசு வரவில்லை. அகப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளே போன் செய்வாள். எங்கள் லைனில் செல்போன் எடுக்காது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே ஏறிப்போய் நின்றால்தான் கிடைக்கும். ஜெபம் முடிந்து மூச்சு வாங்க ஏறி நின்று பேசுவாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை காற்றுச் சத்தம்.

“அந்தப் பிள்ள தட்டுதாட்டி?” இதுதான் என் முதல் கேள்வி எப்போதும்.

“தட்டுது, தட்டுது. நீ தட்டுற மாதிரி இல்ல. பூனையத் தடவுற மாதிரி தட்டுது. ஆனா தட்டுது.”

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மற்ற பேச்சு ஓடும். இங்கே வெயில், மச்சு வீடு, ஆனாலும் உள்ளே நெருப்பாக எரிகிறது என்பேன். அங்கே மழை பிடித்துவிட்டது, அட்டை ஏறுகிறது என்பாள். டீச்சர் சொன்ன நூல் கதையையும் சொன்னேன். “நூலா? அதான் அத்து அத்துப் போகுது” என்றாள். அதற்குள் போனும் அறுந்துவிட்டது. ஆடி மழையில் போன் கிடைக்காமல் போன வாரங்களும் உண்டு. கிடைத்த வாரமெல்லாம் தட்டுது என்ற பதில்தான்.

பால் ஊற்றுகிற பையன்தான் பார்த்தானாம். முதல் நாள் ஊற்றிய பால் செம்போடு அவள் வாசலில் அப்படியே இருந்திருக்கிறது. திருப்பூர் மகன் எனக்குச் சொல்லி, என் மகன் என்னை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனான். பூப்பாறை தாண்டும்போது மழை. மலையைப் பார்க்க முடியவில்லை, முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே, சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அவளை அளந்துகொண்டிருந்தார். எங்கள் சபையில் குழி வெட்டவும் பெட்டி செய்யவும் அவர்தான் அளவு எடுப்பார். டேப் எல்லாம் கிடையாது, ஒரு சணல் கயிறு. தலைமாட்டிலிருந்து கால்வரை இழுத்துப் பிடித்து, முடிந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டார். நான் கயிற்றின் இந்த முனையைப் பிடிக்க வேண்டியிருந்தது, அவருக்கு உதவ வேறு ஆள் பக்கத்தில் இல்லை. ஆடாமல் பிடித்தேன். முடிச்சு ரொம்பக் கிட்டத்தில் விழுந்தது. அவள் அவ்வளவு குட்டையாகவா இருந்தாள்?

லைனில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் அந்த லைன் முழுவதும் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அன்றைக்கும் எந்த அடுப்பும் எரியவில்லை. எரிய வீடு இருந்தால்தானே?

அப்போதுதான் எனக்கு அந்தப் பெண் ஞாபகம் வந்தது. அவளையும் பிள்ளையையும் காணவில்லை. கோயில்பிள்ளையிடம் கேட்டேன்.

“அவங்களா? மேல் டிவிஷனுக்கு மாத்திட்டாங்களே பாட்டி. மழை பிடிக்கிறதுக்கு முன்னாலயே. கோடைக் காத்துல உங்க வீட்டுக் கூரை பறந்துபோச்சு, பச்சைப்பிள்ளைய வச்சிக்கிட்டு அங்க இருக்க முடியல.”

மழை பிடிப்பதற்கு முன்பே. அப்படியென்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் மழையில் நனைந்துகொண்டு நின்று, தட்டுது, தட்டுது என்று சொல்லியிருக்கிறாள்!

எழுந்து போய் என் பழைய வீட்டைப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டு இல்லை. தரையெல்லாம் தண்ணீர். மூலையில் என் அகப்பை கிடந்தது, காம்பில் பூஞ்சை பிடித்து. என் பக்கத்துச் சுவரில் ஒன்றும் இல்லை, பழைய புகைக்கறைதான். திரும்ப அவள் வீட்டுக்கு வந்து அடுப்புக்கு மேலே அதே இடத்தைப் பார்த்தேன். காரை உதிர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. ஒரு பிடி மண் அடுப்புத் திட்டில் கொட்டிக் கிடந்தது. ஈரமாக இல்லை, புதிதாக உதிர்ந்த மண். பதில் வராது என்று தெரிந்தும் அவள் கடைசிவரைக்கும் தட்டியிருக்கிறாள். பதில் வராவிட்டால் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவளால் முடியும்போதெல்லாம் அவள் போய் அந்தக் காலி வீட்டுக் கதவையும் திறந்து பார்த்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்.

புருஷன் பக்கத்திலேயே வைத்தோம். கோயில்பிள்ளை கயிற்றைக் குழிக்குள் போட்டார். அளந்த கயிறு வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

அகப்பையை நான் எடுத்து வந்துவிட்டேன். மருமகள், “இதையா அங்க இருந்து தூக்கிட்டு வந்தீங்க?” என்றாள். புளி போட்டுத் தேய்த்ததில் பூஞ்சை போய்விட்டது. இங்கேயும் விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிடுகிறது. எங்கள் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. தோப்புதான். தென்னை மட்டை விழுகிற சத்தம் எப்போதாவது கேட்கும், ஒரே ஒரு தட்டு மாதிரி. அது கேட்கிற அன்றைக்கு, அடங்குகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைக்கிறேன்.